நாய்க்கு ரூ.50 லைசென்சு; எடுக்காவிட்டால் ரூ.5 ஆயிரம் அபராதம்: சென்னையில் நாய், மாடு, கிளி வளர்ப்போர் கவனத்துக்கு...

2024-ம் ஆண்டு மே 5-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. சென்னை ஆயிரம்விளக்கு மாடல் பள்ளி சாலையில் உள்ள மாநகராட்சி பூங்கா. அங்கேயே தங்கி வேலை பார்த்த காவலாளியின் 5 வயது மகள் மீது இரண்டு ராட்வீலர் நாய்கள் பாய்ந்தன. சிறுமியின் தலையில் பலத்த காயம். மகளைக் காப்பாற்ற ஓடிய தாயையும் நாய்கள் விடவில்லை. இரண்டும் தெரு நாய்கள் அல்ல. பக்கத்தில் ஒருவர் ஆசையாக வளர்த்தவை. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

அதன் பிறகுதான், "நாய் வளர்க்க லைசென்சு வாங்கணுமாமே" என்று ஊரே பேச ஆரம்பித்தது. புதிதாக முளைத்த விதி இல்லை இது. மாநகராட்சி சட்டத்தில் நெடுங்காலமாக இருப்பதுதான். வாங்கியவர்கள் ரொம்பக் குறைவு, கேட்டவர்கள் அதைவிடக் குறைவு.

இப்போது கேட்கிறார்கள். 2025-ம் ஆண்டு இறுதியில் சென்னை மாநகராட்சி கெடு வைத்தது. லைசென்சு எடுக்காத வளர்ப்பு நாய்க்கு ரூ.5 ஆயிரம் அபராதம் என்று அறிவித்தது. முகாம்களில் கூட்டம் முண்டியடித்தது. நவம்பரில் முடிய வேண்டிய கெடு டிசம்பர் வரை தள்ளிப்போனது.

லைசென்சு கட்டணம் வருஷத்துக்கு 50 ரூபாய். இரண்டு டீ, இரண்டு வடை காசு. அதை விட்டுவிட்டு ரூ.5 ஆயிரம் தண்டம் கட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

எப்படி வாங்குவது?

மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போட்டுக்கொள்ளலாம். வளர்ப்பவரின் போட்டோ, நாயின் போட்டோ, வீட்டு முகவரிக்கான சான்று, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டதற்கான சர்ட்டிபிகேட் ஆகியவை தேவை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஊசி போடாத நாய்க்கு லைசென்சு கிடையாது.

ஊசிக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாநகராட்சிக்குச் சொந்தமான செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. திரு.வி.க.நகர், புளியந்தோப்பு, நுங்கம்பாக்கம், லாயிட்ஸ் காலனி, தி.நகர் கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் ஆகிய இடங்களில் உள்ள மையங்களில் 2025 கெடு சமயத்தில் தடுப்பூசியும் இலவசம், மைக்ரோசிப்பும் இலவசம் என்று போட்டார்கள். வேறு பெரிய சிகிச்சை வேண்டும் என்றால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது.

மைக்ரோசிப் என்றதும் சிலர் பயப்படுகிறார்கள். அரிசி மணி அளவுக்கு ஒரு சின்ன குழாய். கழுத்துக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஊசி மாதிரி செலுத்துவார்கள். அதில் 15 இலக்க நம்பர் இருக்கும். ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் நாய் யாருடையது என்று தெரிந்துவிடும். நாய் காணாமல் போனாலும் உதவும். கடித்துவிட்டு "அது எங்க நாய் இல்லீங்க" என்று நழுவவும் முடியாது.

லைசென்சை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஊசியையும் ஆண்டுதோறும் போட வேண்டும். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி. பூனைக்கும் ஊசி அவசியம். பூனை கடித்தாலும், பிறாண்டினாலும் ரேபிஸ் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வெளியே அழைத்துப் போகும்போது கழுத்தில் பட்டையும் கயிறும் கட்டாயம். கயிறு கையில் இருக்க வேண்டும். அவிழ்த்துவிட்டு, பின்னால் செல்போன் பேசிக்கொண்டே நடந்து வருவது விதிமீறல். முரட்டு நாய் என்றால் வாய்க்கு மூடியும் போட வேண்டும்.

பிட்புல், ராட்வீலர் வேண்டாம்

முரட்டு இன நாய்கள் விஷயத்தில் உத்தரவுகள் வந்தும் போயும் இருக்கின்றன. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கூறி ஏப்ரலிலேயே அதை கர்நாடக ஐகோர்ட்டு ரத்து செய்துவிட்டது.

2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து 55 வயது ஆண் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் இனி புது லைசென்சு கிடையாது. ஏற்கெனவே லைசென்சு வைத்திருப்பவர்கள் கயிறும் வாய்மூடியும் இல்லாமல் வெளியே கொண்டுவரக் கூடாது.

"பெரிய பங்களாவுக்காரங்க வளர்க்கிற நாய், நமக்கென்ன" என்று ஒதுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் விலை பேசி, ஒண்டுக்குடித்தன வீட்டுக்குள் பிட்புல் குட்டியைக் கொண்டுவந்து கட்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். எட்டுக்கு எட்டு அறையில், நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் சாதுவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது மடத்தனம்.

வாசல் நாய் யாருடையது?

குடிசை மாற்று வாரிய குடியிருப்புகளிலும், குப்பங்களிலும், ஆட்டோ ஸ்டாண்டுகளிலும் இருப்பது வேறு கதை. காசு கொடுத்து வாங்கிய நாய் கிடையாது. குட்டியாக எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. மிச்சம் மீதி சோறு இந்த வீட்டில், படுக்கை அந்த வீட்டு வாசலில். பெயர் மணி, ராஜா, டைகர் என்று ஏதோ ஒன்று. ராத்திரி திருடன் வந்தால் குரைக்கும். அது வரைக்கும் "எங்க மணி". யாரையாவது கடித்தால் மட்டும் "தெரு நாய் சார்".

போலீஸ் ஸ்டேஷனில் இந்தப் பேச்சு எடுபடுமா?

பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவைப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289-வது பிரிவு. மனித உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ ஏற்படாமல் இருக்க, தன் வசம் உள்ள விலங்கைத் தக்கபடி பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக விட்டால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் ரூ.1,000-தான் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது "தன் வசம் உள்ள விலங்கு" என்ற வார்த்தை. வாங்கிய பில் இருக்கா, லைசென்சு யார் பெயரில் என்று சட்டம் கேட்கவில்லை. வாசலில் சங்கிலி போட்டுக் கட்டி, சோறு வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ராத்திரியில் அவிழ்த்துவிடும் நாய் யார் வசம் உள்ளது என்று அக்கம்பக்கத்தினர் சொல்லிவிடுவார்கள். லைசென்சு இல்லாததால் பொறுப்பு போய்விடாது. லைசென்சு இல்லாத குற்றமும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். கடி பலமாக இருந்தால் மற்ற பிரிவுகளும் வரும்.

அதனால் வாசல் நாயை வைத்திருக்க நினைப்பவர்கள் 50 ரூபாயைக் கட்டி, ஊசி போட்டு, தன் பெயரிலேயே எழுதிக்கொள்வது நல்லது. நாட்டு நாய்க்கும் லைசென்சு உண்டு. உயர் ஜாதி நாய்க்கு மட்டும்தான் என்பது தவறான நினைப்பு. வேண்டாம் என்றால் கட்டிவைத்து உரிமை கொண்டாடாமல், 1913-க்குப் போன் செய்து கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிடித்துப் போகச் சொல்லலாம்.

தெரு நாயைப் பிடித்தால் திரும்பக் கொண்டுவந்து விடுவது ஏன்?

"கார்ப்பரேஷன் வண்டி வந்து பிடிச்சிட்டுப் போச்சு, நாலு நாள்ல அதே இடத்துல கொண்டாந்து விட்டுட்டாங்க" என்பது எல்லா வார்டிலும் கேட்கும் புகார். ஊழியர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். விதியே அப்படித்தான். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் முதலில் 2001-ல் வந்தன, 2023-ல் திருத்தி எழுதப்பட்டன. தெரு நாயைப் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆபரேஷன் ஆன நாயின் காதில் சின்ன வெட்டு இருக்கும். அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இடம் மாற்றினால் என்ன? காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்து புது நாய்கள் வரும். அவற்றுக்கு ஆபரேஷனும் ஆகியிருக்காது, ஊசியும் போட்டிருக்காது. மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

கணக்கு இடிப்பது வேறு இடத்தில். 2024-ல் எடுத்த கணக்குப்படி சென்னையில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் தெரு நாய்கள். ஆபரேஷன் ஆனவை நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்போது, விட்ட இடத்தில் விடும் திட்டம் ஜனங்களுக்கு எரிச்சலைத்தான் தரும். அந்த எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை.

சுப்ரீம் கோர்ட்டு 2025-ல் இந்த விஷயத்தில் மூன்று முறை உத்தரவு போட்டது. ஆகஸ்டு 11-ந்தேதி டெல்லி பகுதி தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்டு 22-ந்தேதி 3 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை மாற்றியது. ஆபரேஷனும் ஊசியும் முடிந்த நாயை அதே இடத்தில் விடலாம், ரேபிஸ் உள்ள நாய், ரேபிஸ் சந்தேகம் உள்ள நாய், ஆக்ரோஷமான நாய் ஆகியவற்றை மட்டும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7-ந்தேதி வந்த உத்தரவில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று கூறியது.

பிள்ளைகள் படிக்கும் ஸ்கூல் வளாகத்தில் நாய்கள் சுற்றினால் தலைமை ஆசிரியரிடமும் 1913-லும் புகார் செய்ய இந்த உத்தரவைச் சொல்லலாம்.

சோறு வைப்பவர்களுக்கும் விதி இருக்கிறது. கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் பக்கம் தவிர்த்து ஒதுக்குப்புறமாக ஓர் இடம், குறிப்பிட்ட நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும் வைக்க வேண்டும், தெருவில் கூடாது என்று ஆகஸ்டு 22 உத்தரவும் கூறியது.

சோற்றில் விஷம் கலந்து வைக்கும் வேலை வேண்டாம். விலங்கைக் கொல்வது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை ஜெயில். ஆனால் நாயை அடித்துத் துன்புறுத்தினால் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் முறை அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தொகை மாறவில்லை.

கடித்துவிட்டால்...

கேஸ், சண்டை எல்லாம் அப்புறம். முதலில் சோப்பு. காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எருக்கம்பால் எதுவும் வேண்டாம். கட்டும் போடக் கூடாது.

உடனே அரசு ஆஸ்பத்திரிக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் எப்போதோ மலையேறிவிட்டது. கையில்தான் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் தோலில் போடும் முறையில் முதல் நாள், 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று நாலு தடவை. கடி ஆழமாகி ரத்தம் வந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். சின்ன நிலையத்தில் இருப்பு இல்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அன்றைக்கே போய்விட வேண்டும்.

நிறைய பேர் இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். அரை நாள் கூலி போகிறதே என்ற கவலை. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அனேகமாக இல்லை. கடித்த பல வாரம், சில சமயம் பல மாதம் கழித்தும் வரும். "நம்ம வீட்டுக் குட்டிதானே, பல்லு பட்டுச்சு" என்று விடுவதும் அதே ஆபத்துதான்.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடக் கூடாது. 10 நாள் கண்காணிக்க வேண்டும். அது நல்லபடியாக இருந்தால் மேற்கொண்டு ஊசி தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். அது வரை காத்திருந்து பிறகு ஊசி போடலாம் என்று மட்டும் இருக்கக் கூடாது.

மாடு

நாய் கதைதான் மாட்டுக்கும். 2023 ஆகஸ்டு 9-ந்தேதி அரும்பாக்கத்தில் பள்ளி விட்டுத் தாயோடு வந்த 9 வயது சிறுமியை ஒரு மாடு கொம்பால் தூக்கி வீசி முட்டித் தள்ளிய வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அக்கம்பக்கத்தினர் கல்லெறிந்தும் அது நகரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் திருவல்லிக்கேணியில் 80 வயது முதியவரை மாடு முட்டியது. சில நாளில் அவர் இறந்தார்.

காலையில் பால் கறந்துவிட்டு அவிழ்த்துவிடுவது, சாயங்காலம் அதுவாக வீடு வந்து சேர்வது. நடுவில் குப்பைத் தொட்டியும் போஸ்டரும் பிளாஸ்டிக் பையும்தான் தீவனம். பால் கறக்கும்போது ஓனர் உண்டு, முட்டும்போது அனாதை மாடு.

பிடிக்கும் மாடுகளை மாநகராட்சி புதுப்பேட்டை, பெரம்பூர் தொழுவங்களில் அடைக்கிறது. அபராதம் வருஷத்துக்கு வருஷம் ஏறியிருக்கிறது. முன்பு ரூ.2 ஆயிரமாக இருந்தது, அரும்பாக்கம் சம்பவத்துக்குப் பிறகு ரூ.5 ஆயிரமானது. 2024 ஜூலையில் மாநகராட்சி மன்றம் முதல் முறை பிடிபட்டால் ரூ.10 ஆயிரம், மறுபடி பிடிபட்டால் ரூ.15 ஆயிரம் என்று உயர்த்தியது. மூன்றாம் நாளில் இருந்து பராமரிப்புக்கு தினமும் ரூ.1,000 தனி. ஒரு வாரம் கழித்துப் போனால் பால் காசு மொத்தமும் காலி. எனவே மாடு பிடிபட்டது தெரிந்த அன்றைக்கே போவதுதான் மிச்சம்.

ஒன்றிரண்டு மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய அடி. தொழுவம் கட்ட இடம் எங்கே என்று அவர்கள் கேட்பதும் நிஜம்தான். ஆனால் நகர்ப்புறத்தில் விலங்கு, பறவை வளர்ப்பதைக் கட்டுப்படுத்த 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. மாடு, ஆடு, பன்றி வளர்க்க லைசென்சு வேண்டும் என்பது அதில் உள்ளது. கட்டிப்போட இடம் காட்டாமல் லைசென்சு எதிர்பார்க்க முடியாது.

கூண்டுக் கிளி

கடைசியாக, யாரும் குற்றம் என்றே நினைக்காத ஒன்று. பச்சைக்கிளி வளர்ப்பது. நம்ம நாட்டுக் கிளி, மைனா, முனியா எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. 1972-ம் ஆண்டு சட்டம். 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. கூண்டில் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம். நட்சத்திர ஆமை வைத்திருந்தால் இன்னும் கடுமை. "ஆமை புகுந்த வீடு" என்று ஒரு கூட்டம் பயப்பட, இன்னொரு கூட்டம் அதிர்ஷ்டம் என்று தொட்டியில் போட்டு வளர்க்கிறது. அது முதல் அட்டவணை உயிரினம், புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு.

லவ் பேர்ட்ஸ், காக்டெயில் வளர்க்கத் தடை இல்லை. வெளிநாட்டு மக்காவ், சாம்பல் கிளி, இகுவானா போன்றவற்றை 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் கூண்டோடு ஒரு பறவையைக் கையில் வாங்கும் முன்பு இது எந்த ஊர்ப் பறவை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் பச்சைக்கிளி இருப்பவர்கள் திறந்து பறக்கவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. இறகு வெட்டப்பட்டிருந்தால் பறக்கவும் முடியாது, காக்கை கொத்திவிடும். வனத்துறையிடம் ஒப்படைத்தால், சிறகு முளைக்கும் வரை வைத்திருந்து பிறகு விடுவார்கள்.

நாய், மாடு தொடர்பான புகாருக்கு மாநகராட்சி எண் 1913. கால்நடைக்கு அவசர சிகிச்சை வேண்டும் என்றால் கால்நடைத்துறை ஆம்புலன்ஸ் எண் 1962.